மூடுபனியில் கறுத்துத் தெரிந்த சின்னான்

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில், சில்வர் ஓக் கிளையில் வந்தமரும் செம்மீசைச் சின்னான் என்ற பறவையைக் காலை மூடுபனியின் பின்னணியில் படம் எடுத்தபோதெல்லாம், கன்னத்துச் சிவப்புகூடத் தெரியாத கரிய நிழலுருவமே எனக்குக் கிடைத்தது. பழுது கேமராவில் இல்லை. படத்தை நிறைக்கும் வெண்மையைச் சாம்பல் நிறமாகக் கணித்து அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. ஆகவே கேமரா கணித்த ஒளியளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1-க்குச் சற்று மேலாக உயர்த்தி, பின்னர் திருத்த இடம்தரும் ரா (RAW) கோப்பாகப் பதிவுசெய்து, பனியில் தடுமாறும் ஆட்டோஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிப் பறவையின் கண்ணோரத்தில் நிறுத்தினேன். பின்னணி வெளிறிப்போகும், போகட்டும், பனிக்கு நிறம் அதுதானே! கூரிய கொண்டையும் செந்திட்டும் தெளிவாகப் பதிந்தன. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அருகில் வரவழைப்பதை மட்டும் நான் செய்வதில்லை. கூடுகட்டும் காலத்தில் அது பறவையை வீணாக அலைக்கழிக்கும்.