எடை இறங்கியும் பி.எம்.ஐ. 25க்குக் கீழே இறங்கவில்லை: என் அனுபவம்

ராணுவப் பயிற்சிக்குப் போகும் முன் என் பி.எம்.ஐ.யை (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25க்குக் கீழே கொண்டுவர நினைத்தேன். நான் 171 சென்டிமீட்டர், 76 கிலோ. மலேசியாவின் பினாங்கில், யூத் பார்க் பூங்காவில் தினமும் ஓடினேன், சோற்றை விட்டேன். மூன்று வாரமாக முள் அசையவில்லை. 2.4 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கால் துவண்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) தே தாரே என்ற ஆற்றிய பால் தேநீர் கலக்குவதைக் கவனித்தேன். கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பான டின் பால். ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தேன்! பாலும் சீனியும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங்குக்கு மாறினேன், மதியச் சோறு திரும்பியது. ஏழு வாரத்தில் 73 கிலோ.

ஆனால் கிளினிக்கில் பி.எம்.ஐ. 25.26 என்றார்கள். சிக்கல் உயரத்தில்: அங்கே 170 என்று அளந்திருந்தார்கள். போனது சாயங்காலம், பகல் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி, உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். மறுநாள் காலை எழுந்ததும் அளந்தேன்: 171. பி.எம்.ஐ. 24.96. அப்பாடா!