சுறா பார்க்கப் போகிறவர்கள் மாஸ்க்கை முதல் நாளே பற்பசையால் தேயுங்கள்

புதிதாக வாங்கிய சுழியோடும் மாஸ்க்கின் கண்ணாடியை, கடலுக்குப் போவதற்கு முதல் நாள் இரவே, உட்பக்கம் கொஞ்சம் வெள்ளைப் பற்பசை வைத்து விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஒருமுறை போதாது, இரண்டு மூன்று தரம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சிலிக்கோன் மெல்லிய படலமாக அதில் ஒட்டியிருக்கும். முகத்துச் சூட்டில் எழும் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும், அப்புறம் கிழக்கிலங்கைக் கரையில் பாசிக்குடாவில் முருகைக்கல்லும் (பவளப்பாறை) தெரியாது, நிலாவெளிப் புறாத்தீவு வரை போய் இறங்கினாலும் செட்டை நுனி கறுத்த சுறா பக்கத்தால் போவதும் தெரியாது. பற்பசையில் இருக்கும் நுண்துகள் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிடும். இறங்கும்போது ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி (எச்சில் துப்பினாலும் சரி, வள்ளத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்) கடல்நீரில் இலேசாக அலசினால் போதும், ஆவி படியாமலிருக்க அடிக்கும் ஸ்பிரே வாங்கக் காசு கொட்டத் தேவையில்லை.

பிளாஸ்டிக் கண்ணாடிக்கு மட்டும் இது வேண்டாம், கீறல் விழும். ஆவி படியாத பூச்சோடு வரும் மாஸ்க்குக்கும் வேண்டாம், பூச்சே போய்விடும். வாடகைக்கு எடுப்பது ஏற்கனவே பழகியதுதானே, அதற்கு ஷாம்பு மட்டும் போதும்.