தில்லி அறையில் அண்ணனாக இருப்பது எப்படி

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரம் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது தில்லி நிலையத்தை அடைகிறது. ஆண்டுதோறும் கல்லூரி சேர்க்கைக் காலத்தில் அதிலிருந்து இறங்கும் தமிழ்ப் பையன்களில் பலருக்கு, விடுதியில் இடம் கிடைக்கும் வரையிலோ படிப்பு முடியும் வரையிலோ, முனிர்க்காவிலும் பேர் சராயிலும் விஜய் நகரிலும் மூத்த மாணவர்கள் எடுத்திருக்கும் வாடகை அறைதான் வீடாக அமைகிறது. அப்படியோர் அறையில் ஏற்கெனவே ஓரிரு ஆண்டுகளைக் கழித்துவிட்ட உங்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறவன் உங்களை ‘அண்ணா’ என்று அழைக்கப்போகிறான். அந்தச் சொல்லுக்கு உரியவராக நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய காலம் அவன் இறங்கும் அந்தக் காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

கைப்பேசியில் இருப்பிடத்தை அனுப்பிவிட்டு அறையில் காத்திருக்காமல், முடிந்தவரை நிலையத்துக்கே செல்லுங்கள். மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் ஏறி ஹௌஸ் காஸில் மாறி முனிர்க்காவுக்கு வரும் வழியை ஒருமுறை கூடவே வந்து காட்டினால், அடுத்த நாள் அவன் தனியாகப் போய்வருவான். அறைக்கு வந்ததும் அவன் குளித்துச் சாப்பிட்ட பிறகு, அவனுடைய அம்மாவிடம் நீங்களும் பேசுங்கள். “அம்மா, தம்பி சாப்பிட்டுட்டான், நாங்க நாலு பேர் கூட இருக்கோம், என் நம்பரையும் வெச்சுக்கோங்க” என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். ஊரில் அந்த அம்மா அன்றிரவு உறங்குவது அந்த அரை நிமிடப் பேச்சினால்தான்.

பணத்தைப் பற்றி அன்றைக்கே பேசிவிட வேண்டும். நம் பிள்ளைகள் கூச்சத்தினால் தள்ளிப்போடும் பேச்சு இதுதான். நட்பைப் பெரும்பாலும் முறிப்பதும் இதுதான். வாடகை, மின்கட்டணம், சமையல் செலவு, வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கும் முன்பணத்தில் அவனுடைய பங்கு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் விழும் என்பதால், தங்குகிற அனைவரின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். குடியிருப்போர் விவரங்களை வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது தில்லியின் நடைமுறை. அதற்குரிய புகைப்படத்தையும் அடையாளச் சான்றின் நகலையும் புதியவனிடம் வாங்கிக் கொடுத்துவிட்டால், ஏதேனும் ஒரு நாள் காவலர் கதவைத் தட்டும்போது பதற்றப்பட வேண்டியதில்லை.

எங்கள் அறையில் சமையலறை ஆணியில் ஒரு கணக்கு நோட்டுச் சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூலைகளில் மஞ்சள் கறை படிந்திருக்கும். நடுப்பக்கங்களில் எண்ணெய் ஊறிப் பின்பக்க எழுத்து தெரியும். பால் வாங்கியவரும் தக்காளி வாங்கியவரும் அன்றைக்கே தொகையை எழுதித் தம் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அனைவரும் உட்கார்ந்து கூட்டிக் கழிப்போம். இப்போது கைப்பேசிச் செயலிகளில் நொடியில் பங்கு பிரித்துவிடலாம். ஆயினும் எல்லாரும் அடுப்படியில் நின்று பார்க்கும் இடத்தில் கணக்கு இருப்பதையே இன்றும் பரிந்துரைப்பேன். வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமாகும் பையன் யார் என்பது அந்த நோட்டில் தானாகத் தெரியும். அதைக் கண்டுகொள்வதும், நாலு பேர் முன்னால் கேட்காமல் அவனைத் தனியே அழைத்து “அடுத்த மாசம் பாத்துக்கலாம்டா” என்று சொல்வதும் அண்ணனின் வேலை.

வேலைப் பங்கீட்டில் ஒரே ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: புதியவனுக்குக் கொடுக்கும் எந்த வேலையையும் மூத்தவர்களும் முறைவைத்துச் செய்ய வேண்டும். தில்லியின் பல பகுதிகளில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்துக்குத்தான் வருகிறது. அப்போது எழுந்து மோட்டாரைப் போடாவிட்டால் அன்று யாருக்கும் குளியல் இல்லை. சனவரிக் குளிரில் விடியுமுன் போர்வையை விலக்கிக்கொண்டு எழும் அந்த வேலையைத்தான் பல அறைகளில் முதலாண்டுப் பையனின் தலையில் கட்டுகிறார்கள். முதல் வாரம் அதை நீங்கள் செய்யுங்கள். இரண்டாம் வாரம் அவன் சொல்லாமலே எழுவான். சோறு வடிக்கவும், குக்கரில் பருப்புக்கு எத்தனை விசில் என்று பழகவும், ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியை ஈரம் படாமல் வைக்கவும், இந்தி எண்களைப் பிரித்தறியவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். ‘உன்சாஸ்’ என்றால் 49, ‘பசாஸ்’ என்றால் 50, ‘உன்சட்’ என்றால் 59. காய்கறி வண்டிக்காரரிடம் நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த எண்களில்தான்.

இனி, சொல்வதற்குக் கடினமானதைச் சொல்கிறேன். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, புதிதாக வந்த ஒரு தஞ்சை மாவட்டப் பையனை மொட்டைமாடியில் நிற்கவைத்து, அவன் ஊர்ப் பேச்சிலேயே சினிமா வசனம் பேசச் சொன்னோம். அவன் பேசினான்; நாங்கள் சிரித்தோம்; அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். படிக்க வேண்டும் என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் அன்று சிரித்ததை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். தனியாக, வேற்று ஊரில், நாலு மூத்தவர்கள் முன்னால் நிற்கிற பதினெட்டு வயதுப் பையனுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

‘சும்மா ஓர் அறிமுகம்’ என்ற பெயரில் நடப்பதும் ராகிங்தான். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்தே, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கல்லூரி வளாகத்துக்கு வெளியேயும் பொருந்தும். ஆகவே இது தனியார் வாடகை அறை என்று சொல்லித் தப்பிவிட முடியாது. இடைநீக்கம், வெளியேற்றம், காவல்துறை வழக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அவற்றில் இடம் உண்டு. 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண்ணைப் புதியவனுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். தன்னைப் பற்றிப் புகார் செய்யும் வழியையும் தம்பியின் கையில் கொடுக்கிற அண்ணனை அவன் நம்புவான். அறிமுகம் வேண்டுமென்றால் அவனோடு சேர்ந்து சமையுங்கள். வெங்காயம் நறுக்கும்போது எவனும் தன் ஊர்க்கதையைத் தானாகச் சொல்வான்.

உடல்நலத்தில் மூன்று செய்திகளை அவன் மனத்தில் பதியவையுங்கள். குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவைத்துத் தூங்கவே கூடாது; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் அதே ஆபத்தை உடையது. மழைக்காலத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம் என்று கருதிப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் வேண்டாம். காய்ச்சல் இறங்கும்போது கடும் வயிற்றுவலியோ இடைவிடாத வாந்தியோ ரத்தக் கசிவோ தென்பட்டால் அப்போதே சஃப்தர்ஜங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் உடன் இருப்பதையும் முறைவைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவில் ஈரத்துணியோடு கண்விழித்திருந்தவர் யார் என்பதை எந்தப் பையனும் மறப்பதில்லை.

மதுவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தில்லியில் அதற்கான சட்டப்படியான வயது 25. ஆகவே உங்களுக்கும் அவனுக்கும் அந்தப் பேச்சே இல்லை. குடித்துக் காட்டினால்தான் ஆண்பிள்ளை என்று சொல்கிறவன் உங்கள் அறையில் இருந்தால், அவனுக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்தச் சுமையைப் புதியவன் மேல் போடாதீர்கள்.

இதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது அவனுடைய மௌனத்தை. வகுப்பைத் தவிர்த்து, பகலெல்லாம் படுத்திருந்து, வீட்டு அழைப்பை எடுக்காமல் இருக்கும் பையனை ‘சோம்பேறி’ என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். ஆங்கிலமும் இந்தியும் சூழ்ந்த வகுப்பில், பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை முதன்முறையாகத் தோற்றுக்கொண்டிருக்கலாம். ‘என்னடா ஆச்சு’ என்று நேராகக் கேட்டால் ‘ஒண்ணுமில்லண்ணா’ என்பான். அவனோடு ஆர்.கே.புரம் வரை நடந்துபோய், 1973இல் குடமுழுக்கு நடந்த மலை மந்திர் முருகன் கோயிலில் சுவாமிநாதனைப் பார்த்துவிட்டுப் படிகளில் சற்று உட்காருங்கள். அல்லது 1946இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சுற்றிலும் தமிழ் கேட்கும் இடத்தில் அவன் வாய் திறக்கக்கூடும். அப்படியும் திறக்கவில்லை, அல்லது அவன் சொன்னது உங்களுக்குப் பயம் தருகிறது என்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். அதில் தமிழிலும் பேசலாம். அன்றிரவு அவனைத் தனியாக விடக் கூடாது.

படிப்பு முடிந்து அறையை விட்டுக் கிளம்பும் மாதத்தில், உங்கள் முன்பணப் பங்கை உள்ளே வருகிறவரிடம் வாங்கிக்கொண்டு, அதை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லி, புதுப் பெயரைச் சேர்த்து, காவல் நிலையப் பதிவையும் மாற்றிவிடுங்கள். மின்கட்டணம், பால்காரர் பாக்கி, சிலிண்டர் என ஒவ்வொன்றையும் அப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் தம்பியோடு உட்கார்ந்து சரிபார்த்து, நோட்டை அவனிடமே கொடுங்கள். அந்த ஆண்டு புதிதாக வரப்போகிறவன் ஏறும் ரயிலின் தேதியையும் பெட்டி எண்ணையும் அதன் அடுத்த பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.