"சரிங்க" என்று தலையாட்டும் முன்: கட்டுமானத் தொழில் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுமான வேலை பழக வந்த முதல் வாரத்தில் எல்லோர் வாயிலும் வருகிற சொல் "சரிங்க". மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து எதையோ சொல்வார். மிக்ஸர் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். மறுபடி கேட்டால் திட்டுவாரோ என்று பயந்து தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் செய்வதையே செய்துவிடுவோம். பழகுநர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தத் தலையாட்டலில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "மூன்று வரிசை வரைக்கும், ஜன்னலுக்கு இடம் விட்டு, சரிதானே?" நல்ல மேஸ்திரி யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கட்டிய சுவரை இடிப்பதுதான் அவருக்குக் கோபம் தரும்.

கேட்காமல் பார்த்துப் பழகுவதால் வரும் கெடுதலுக்குக் கான்கிரீட் கலவையே நல்ல உதாரணம். கலவை கெட்டியாக இருந்தால் தள்ளுவது கஷ்டம். யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார், அது இளகும், வேலை சுலபமாகும். புதிதாக வந்தவர் அதைத்தான் முறை என்று எடுத்துக்கொள்வார். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதற்கு அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரே போதும். மீதியெல்லாம் கலவையைக் கையாள்வதற்காகச் சேர்ப்பது. அந்த உபரித் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்லும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்குப் போட்ட கலவையில் இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் வலு கணிசமாகக் குறைந்துவிடும். மேலே பார்க்க வித்தியாசமே தெரியாது. மணல் ஈரமாக இருந்தால் அதில் உள்ள தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். மழைக்கு மறுநாள் இதை மறந்துவிடுகிறார்கள்.

போட்ட கான்கிரீட்டை நனைத்து ஈரமாக வைத்திருக்கும் நீராற்றலும் அப்படித்தான். மேலே காய்ந்துவிட்டதே என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளாவது ஈரம் விடாமல் காக்க வேண்டும். கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் சோதிப்பது ஏன் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்பது அப்போது மனதில் நிற்கும்.

அடுத்தது கருவிகளைக் கண்ணை மூடி நம்புவது. சமமாக இருக்கிறதா என்று குமிழியால் காட்டும் ரசமட்டம் கீழே விழுந்து தவறு காட்டத் தொடங்கியிருக்கலாம். ஓரிடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி வேறு இடம் காட்டினால் அந்த மட்டத்தை நம்பாதீர்கள். அளவு டேப்பின் முனைக்கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. உள்ளளவு எடுத்தாலும் வெளியளவு எடுத்தாலும் கொக்கியின் கனம் கணக்கில் சரியாகிவிட வேண்டும் என்றுதான் அதை அப்படி ஆட விட்டிருக்கிறார்கள். மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் அளந்தால் குறுக்கே சரியாக 5 மீட்டர் வர வேண்டும்.

பாதுகாப்பில் செய்யும் தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துபவை. வலித்தால்தான் ஆபத்து என்று இளம்பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஈரக் கலவை கடும் காரத்தன்மை உள்ளது. அதில் முட்டி போட்டு வேலை செய்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்து போயிருக்கும். பட்ட உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், நனைந்த உடையை மாற்ற வேண்டும். கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி இன்னும் மோசம். அது நுரையீரலில் தங்கி வரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. தண்ணீர் விட்டு அறுங்கள், முகத்தோடு இறுகப் பொருந்தும் தூசி மாஸ்க் போடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளிச் சாய்க்க வேண்டும். முட்டுக் கொடுக்காத ஆழமான பள்ளத்தில் யார் இறங்கச் சொன்னாலும் இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை இருக்கும். சரிந்தால் இடுப்பளவு புதைந்தவரைக்கூட இழுத்து எடுப்பது கடினம்.

கடைசியாக, காகித விஷயம். வேலை கிடைத்ததே போதும் என்று வாய்ப்பேச்சை நம்பிச் சேர்ந்துவிடுகிறார்கள். எந்தத் தொழில், எத்தனை காலம், யார் கற்றுக்கொடுப்பார், கூலி எவ்வளவு, முடிவில் என்ன சான்று என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி கட்டப் பழக வந்தவர் ஒரு வருடம் கழித்தும் செங்கல் சுமந்துகொண்டிருப்பார். தினமும் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். ஜெர்மனியில் தொழில் பழகுநர்கள் இப்படி ஒரு பயிற்சிக் குறிப்பேடு எழுதி வந்தால்தான் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியும். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது ஒரே வேலை திரும்பத் திரும்ப இருந்தால், அந்தப் பக்கங்களை மேஸ்திரியிடம் காட்டி, "அண்ணே, அடுத்து பூச்சு வேலை பழக விடுங்கள்" என்று நேராகக் கேட்கலாம்.