மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: விண்ணப்பத்திலிருந்து முதல் ஷிப்ட் வரை

விண்ணப்பத்தை நிரப்ப அதிக நேரம் ஆகாது. அதன் பிறகு வார்டுக்குள் கால் வைப்பதற்குள்தான் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், இழுத்துவிடுகிறது. எனக்கும் இழுத்தது. எந்த இடத்தில் இழுக்கிறது என்று இப்போது தெரியும் என்பதால், எதை முதலில் தொடங்க வேண்டும் என்ற கணக்கில் இதை எழுதுகிறேன். தன்னார்வப் பணி நல்லதா, ஏன் செய்ய வேண்டும் என்பதற்குள் போகவில்லை. இதைத் தேடி வந்தவர் அதை முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

படி 1: எந்தப் பிரிவு என்று நீங்களே சொல்லுங்கள்

விண்ணப்பத்தில் 'விருப்பமான பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'எதுவானாலும் சரி' என்று எழுதாதீர்கள். எழுதினால், எங்கே ஆள் குறைவோ அங்கே போடுவார்கள். நோயாளியின் முகத்தையே பார்க்காமல் கோப்பு அடுக்கிக்கொண்டிருக்க நேரலாம். (அந்த வேலை பிடிப்பவர்களும் உண்டு. அவர்கள் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.)

என்னைக் கேட்டால் முதியோர் வார்டைத்தான் சொல்வேன். வயதானவர்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது திடீரென்று மனம் குழம்பி, இடமும் நேரமும் தெரியாமல் தடுமாறுவது உண்டு. இதைத் தடுக்க ஷரோன் இனூயே என்ற மருத்துவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டத்தை உருவாக்கினார். அதில் பெரும் பங்கு தன்னார்வலர்களுக்கு. இன்று என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் நினைவூட்டுவது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் தேடி எடுத்துக் கொடுப்பது, சாப்பிடும்போது கூட இருப்பது, நடக்க முடிந்தவரோடு நடப்பது என்று எல்லாமே சாதாரண வேலைகள். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு அந்தக் குழப்பம் வந்தது. இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சும்மா உட்கார்ந்து பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

மாணவர்கள் குறைந்தபட்ச வயது என்ன என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது இடத்துக்கு இடம் மாறும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவசரப் பிரிவு, தொற்றுநோயாளிகளின் தனி அறைகள் போன்ற இடங்களுக்கு அவர்களைப் பொதுவாக அனுப்ப மாட்டார்கள்.

படி 2: உடல்நலச் சான்றுகள் (விண்ணப்பித்த அன்றே தொடங்குங்கள்)

நேர்காணல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். பெரும்பாலான தாமதம் இங்கேதான் வருகிறது. பொதுவாகக் கேட்பவை: காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ருபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை, சின்னம்மைக்கான சான்று, அந்தப் பருவத்துக்கான ஃப்ளூ ஊசி. ரத்தத்தோடு தொடர்பு வரக்கூடிய பிரிவு என்றால் ஹெபடைடிஸ் பி-யும் சேரும். அது முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையாகப் போகும். எல்லா மருத்துவமனையும் எல்லாவற்றையும் கேட்பதில்லை, எனவே பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி காசநோய்ப் பரிசோதனை. முன்கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி போடுவார்கள், சிறு கொப்புளம் போல் எழும்பும். ஊசியோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் கையைக் காட்ட வேண்டும். சிவந்திருப்பதை அளக்க மாட்டார்கள். விரலால் தடவி, தடித்திருக்கும் பகுதியை மட்டும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். நீங்களே வீட்டில் அளந்து போட்டோ அனுப்பினால் செல்லாது.

எனக்கு ஒரு கிளினிக்கில் வியாழக்கிழமை மாலை ஊசி போட்டார்கள். கணக்குப்படி சனிக்கிழமை மாலைக்கும் ஞாயிறு மாலைக்கும் இடையில் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நாளும் கிளினிக் பூட்டியிருந்தது. திங்கள் காலையில் போய் நின்றால், "நேரம் தாண்டிடுச்சு, மறுபடியும் போடணும்" என்றார்கள். ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுவதற்கு முன்னாலேயே "இதைப் பார்த்துச் சொல்ல என்றைக்கு ஆள் இருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

இதில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. அவற்றைப் போட்டுச் சில நாள் கழித்துக் காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவு தப்பாக வரலாம். இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள், இல்லாவிட்டால் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். இன்னொன்று, குழந்தைப் பருவத்தில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்படிப்பட்டவர்கள் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிசிஜி அதைக் குழப்பாது, ஒரே தடவை போனால் போதும். செலவு கூடினாலும் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். பாசிட்டிவ் என்று வந்தாலும் பதற வேண்டாம். அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பாசிட்டிவ் என்பதாலேயே உங்களிடமிருந்து பிறருக்குப் பரவும் என்று ஆகிவிடாது.

சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டதா? தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துச் சான்று வாங்கலாம்.

படி 3: நேர்காணலும் பின்னணிச் சரிபார்ப்பும்

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தெளிவாகச் சொல்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். 'நேரம் கிடைக்கும்போது வருகிறேன்' என்பது பலிக்காது. காவல்துறைச் சான்று கேட்டால் அதையும் அன்றே தொடங்குங்கள்.

படி 4: பயிற்சி வகுப்பு

தூக்கம் வரும்தான், ஆனாலும் இரண்டு விஷயத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, கை கழுவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்ட பின் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய கட்டில், மேசையைத் தொட்ட பிறகும் கழுவ வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். சில வகை வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குச் சானிடைசர் வேலை செய்யாது. அறைக் கதவில் அப்படி அறிவிப்பு இருந்தால் சோப்பு மட்டும்தான்.

இரண்டு, ரகசியம். பக்கத்து வீட்டுக்காரரை வார்டில் பார்த்தால், அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது. லிப்டில் பேசக் கூடாது, செல்ஃபி கூடவே கூடாது.

படி 5: முதல் ஷிப்ட்

விரல் மூடிய, வழுக்காத ஷூ போடுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும், மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும். குறிப்பெடுக்க போனை விடச் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டுதான் எனக்குப் பிடிக்கும். வார்டில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் விளையாடுவதாகத்தான் நினைப்பார்கள். அறை எண், வேலை, இவை மட்டும் எழுதுங்கள். பெயரும் நோயும் வேண்டாம். வீட்டுக்குப் புறப்படும் முன் அந்தத் தாளைக் கிழித்து, அங்கேயே ரகசியக் காகிதங்களுக்கான பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலி தள்ளச் சொன்னால்: இரண்டு பக்கமும் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கால்பலகையை மடக்கிய பிறகே அவர் உட்காரவோ எழுந்திருக்கவோ வேண்டும். பலகை மேல் கால் வைத்து எழுந்தால் நாற்காலி முன்பக்கமாகச் சாயும். உட்கார்ந்ததும் முழங்கைகள் உள்ளே இருக்கின்றனவா, டியூப் எதுவும் சக்கரத்தில் மாட்டுமா என்று ஒரு பார்வை. லிப்டுக்குள் பின்பக்கமாக நீங்கள் முதலில் நுழையுங்கள், அவர் முகம் கதவைப் பார்த்திருக்கும். சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகத்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது நர்ஸின் வேலை, தூக்கப் போகாதீர்கள். யாராவது கீழே விழுந்தாலும் அப்படியே. பக்கத்திலிருந்து நகராமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்று ஒருவர் கேட்பார். கொடுக்காமல் இருக்க மனசு வராது. ஆனால் அவர் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கலாம், அல்லது விழுங்குவதில் சிக்கல் இருந்து தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். "நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டு இப்பவே வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பியும் போங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

'சளிதானே, போகலாமா?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். போகக் கூடாது. ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து விடுப்புச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் ஆன பிறகே திரும்ப வேண்டும்.

கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்ட மாணவர்களுக்கு: வருகைப் பதிவேட்டில் வந்த நேரத்தோடு கிளம்பும் நேரத்தையும் எழுதுங்கள். வெளியேறும் நேரம் இல்லாத நாளைப் பல இடங்களில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சான்றிதழைக் கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம், ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.