இறுதியாண்டுக் கண்காட்சியைக் கழற்றுவதற்கு முன்

மட்டக்களப்பு, கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்து முடித்து வெளியே வந்தபோது என் கையில் ஒரு பட்டமும் சுருட்டிய ஒன்பது கன்வஸும் இருந்தன. வீட்டில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மறுகா என்ன செய்யப் போறாய்?" பதில் இல்லை. 2017இல் பட்டதாரிகள் அரச நியமனம் கேட்டுக் காந்தி பூங்காவுக்கு முன்னால் போராட்டம் இருந்தபோது நானும் சில கிழமை போய் இருந்தேன். கேட்டது நியாயம்தான், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் வரப்போகும் ஒரு கடிதத்தையே திட்டம் என்று நினைத்து இரண்டு வருடம் தூரிகை தொடாமல் இருந்தேனே, அது என் பிழை. இப்போது இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தைக்கு வந்து, படித்த கலையால் எப்படிப் பிழைப்பது என்று கேட்பதற்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கண்காட்சியைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வேலையையும் படம் எடுத்துவிடுங்கள். ஃபோன் போதும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், படத்தின் நடு உயரத்துக்கு ஃபோனைப் பிடித்து நேராக எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி இன்னொன்று. அளவு, ஊடகம், ஆண்டு மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள். நான் இதைச் செய்யவில்லை. கூரை ஒழுகும் அறையில் வைத்த ஒன்பதில் ஆறு, இரண்டு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்துப் போயின. அவை எப்படி இருந்தன என்று இப்போது வாயால்தான் சொல்ல முடியும், வாயால் சொன்ன படத்தை யார் வாங்குவார்? எடுத்த படங்களில் பன்னிரண்டை மட்டும் தெரிந்தெடுத்து ஒரு பைலாகச் செய்யுங்கள், நாற்பது வேண்டாம். எந்த மாதிரி வேலை இன்னும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அது முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் கோடு போடுங்கள். நம்முடைய ஊரில் வேலை மாதத்தோடு வரும், மாதத்தோடு போகும். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் மாரி, வெளிச்சுவர் வேலை ஒன்றும் எடுக்காதீர்கள். மழை விட்டாலும் சுவர் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். ஒரு துண்டுப் பொலித்தீனை நாலு பக்கமும் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டி, அடுத்த நாள் காலையில் பாருங்கள். உள்ளே வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வாவிக்கரை வீடுகளில் பங்குனியிலும் வேர்க்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தியும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம், அதற்கு முன்னும் பின்னும் ஊருக்கு ஊர் திருவிழா. வளைவு, வாகனத்துக்குப் பெயின்ற், நோட்டீஸ், பனர் என்று எல்லாம் அந்தக் காலத்தில்தான். ஆனால் ஆடி வேலையை ஆடியில் போய்க் கேட்டால் கிடைக்காது. சித்திரை வருஷம் முடிந்த கையோடு கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரைப் போய்ப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து கூத்துப் பழகத் தொடங்கும் ஊர்களில் அதைப் பழக்கும் அண்ணாவியாரிடமும் ஒரு சொல் போட்டுவையுங்கள். முடி, வில்லு, உடுப்பு வேலைக்குக் கைதெரிந்த பிள்ளைகளை அவர்கள் தேடுவது உண்டு. காசு குறைவு, படிப்பு அதிகம்.

இனி விலை. எல்லோரும் தடுமாறுவது இதில்தான். உங்கள் ஊரில் ஒரு மேசன் நாளுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். அதற்குக் கீழே உங்கள் நாட்கூலியை வைக்காதீர்கள். ஒரு பாலர் பாடசாலைச் சுவர், 20 அடிக்கு 10 அடி என்று வைப்போம். "அஞ்சு நாள் வேலை" என்று நாமே சொல்லிவிடுவோம். வரைந்து காட்டி ரீச்சர் "முயல் வேண்டாம், மயில் போடுங்கோ" என்று திருப்பி அனுப்பிய இரண்டு நாளையும், சுவரைச் சுரண்டிப் பட்டி பூசிய இரண்டு நாளையும் யார் கணக்கில் எழுதுவது? ஒன்பது நாள். அதோடு பெயின்ற் செலவு, ஓட்டோ, சாரம் கட்ட வாடகை. கூட்டி வந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தவறுக்கென்று மேலே போடுங்கள். தவறு வரும்.

2022 மாசியில் ஒரு நிறுவனத்துக்குச் சுவர் ஓவியத்துக்கு விலை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ஓம் என்றது சித்திரையில். அதற்குள் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 300ஐத் தாண்டிவிட்டது, பெயின்ற் கடையில் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. சொன்ன சொல்லுக்காகச் செய்து முடித்தேன், கையிலிருந்துதான் போனது. அன்றிலிருந்து என் கொட்டேசனின் அடியில் "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்று எழுதுகிறேன். பாதிக்காசு முற்பணம் வராமல் பெயின்ற் டின் திறப்பதில்லை. சொந்தக்காரருக்கு? ஒன்று சும்மா செய்து கொடுங்கள், இல்லை முழு விலை வாங்குங்கள். பாதி விலைக்குச் செய்த வேலைதான் கலியாண வீட்டில் குறை சொல்லப்படும்.

நிறுவனங்களுக்குப் பில் கொடுக்க வியாபாரப் பெயர் வேண்டும். பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள்.

ரியூசனை இளக்காரமாக நினைக்காதீர்கள். சனிக்கிழமை சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்த காசில்தான் மாரி மூன்று மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்றாவது நாளைக் கேட்பார்கள், அது உங்கள் சொந்தப் படத்துக்கான நாள். அரசாங்க விண்ணப்பங்களையும் போட்டுக்கொண்டே இருங்கள், தபால் செலவுதானே. வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுக்கே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அதற்குப் பதிவு தேவையில்லை. விற்கும்போது எதற்கெல்லாம் பாவிக்கலாம் என்பதை ஒரு வட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள்.

கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் வருடம் ஒருமுறை கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கும். ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம் அதை 1993இல் தொடங்கியது. முதல் வருடம் பார்வையாளராகப் போய், என்ன அளவுப் படம் என்ன விலைக்குப் போகிறது என்று கொப்பியில் எழுதி வாருங்கள். அடுத்த வருடம் படத்தோடு போகலாம். இரவு ரயிலில் கொண்டுபோவதென்றால் ஆறு அங்குல பிவிசி குழாய் வாங்குங்கள், ஹாட்வெயார் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். நாலு அங்குலம் மலிவு, ஆனால் அவ்வளவு இறுக்கிச் சுருட்டினால் தடித்த வண்ணம் வெடிக்கும். வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். நான் முதல் முறை உள்ளே வைத்துச் சுருட்டி, கொழும்பில் விரித்தபோது படத்தில் நான் வரைந்திருந்த கல்லடிப் பாலத்தின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. வாங்கிய ஆளிடம் அதைக் காட்டித்தான் விற்றேன், விலையும் குறைத்தேன்.