ஒரு பேர மட்டும் மாத்தப் போய் முழு டொமைனையும் விழுத்தாதீங்க: ஒபிஸ் டிஎன்எஸ்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை கல்முனைப் பக்கம் ஒரு ஒபிஸுக்குப் போயிருந்தன். நெட்வேர்க் வேலைக்குப் புதுசா வந்த தம்பி ஒராள் விண்டோஸ் சேர்வர்ட டிஎன்எஸ்ல (பேரக் கேட்டா ஐபி சொல்ற சேவை) புது ஸோன் (ஒரு டொமைன்ட பேர்ப் பட்டியல்) ஒண்டத் திறந்து கம்பனிட முழு டொமைன் பேரையும் அடிச்சிட்டு இருந்தார். "பொறுங்க தம்பி, அத ஓகே குடுக்காதீங்க" எண்டு சொல்லிட்டன். ஏனெண்டா அதே இடத்துல அதே பேர அடிச்சுத்தான் நான் முந்தி ஒரு கம்பனிய மாட்டிவிட்டனான். அதனாலதான் இத எழுதுறன். ஐபிய பிழையா அடிக்கிறது, சேர்வர ரீஸ்டார்ட் பண்ண மறக்கிறது எல்லாம் நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க, அதுகள விட்டுட்டன்.

ஒரு பேருக்காக முழு ஸோனையும் உள்ளுக்குக் கட்டுறது

சம்மாந்துறைப் பக்கம் நெல் யாவாரம் செய்யிற கம்பனி. ஸ்டொக் சொஃப்ட்வெயார் ஒபிஸ்ல இருக்கிற சேர்வர்ல ஓடுது, வெப்சைட்டும் ஈமெயிலும் வெளி ஹோஸ்டிங்ல. வெளிய இருந்து ஸ்டொக் பேர அடிச்சா ரவுட்டர்ட பப்ளிக் ஐபிக்கு வந்து போர்ட் ஃபோர்வேர்ட் ஆகி உள்ளுக்குப் போகும், ஆனா ஒபிஸ் வைபைல இருந்து அதே பேர அடிச்சா போகாது, அந்த ரவுட்டர் வெளிய போன பக்கெட்டத் திருப்பி உள்ளுக்கு விடாது. அப்ப உள்ளுக்கு இருக்கிறவங்களுக்கு மட்டும் அந்தப் பேர் 192.168ல தொடங்கிற ஐபியக் காட்டோணும். கேக்கிறது அவ்வளவுதான், ஒரே ஒரு பேர்.

நான் என்ன செஞ்சன் எண்டா, டொமைன் பேர்லயே ஸோன் ஒண்டு கட்டி அதுக்குள்ள ஸ்டொக் எண்டு ஒரு ரெக்கோர்ட் போட்டன். போட்ட உடன ஒபிஸ்ல வெப்சைட்டும் இல்ல, மெயிலும் இல்ல. ஒரு சேர்வர்ல ஸோன் கட்டினா அந்த டொமைனுக்கு நான்தான் பொறுப்பு எண்டு அது நினைக்கும், தன்னட்ட இல்லாத பேருக்கு வெளிய போய்க் கேக்காது, அப்பிடி ஒரு பேரே இல்ல எண்டு பதில் சொல்லிரும்.

இதுவரைக்கும் சின்னப் பிழைதான். பெரிய பிழை மறுகாதான் வந்தது. வெளி டிஎன்எஸ்ல இருந்த வெப்சைட், மெயில் ஐபி ரெண்டையும் பாத்துக் கொப்பி பண்ணி உள் ஸோன்ல போட்டன். எல்லாம் வேலை செஞ்சுது. எட்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்ல. பிறகு ஹோஸ்டிங்காரங்க சேர்வர மாத்தி வெளி டிஎன்எஸ்ல ஐபியையும் மாத்திட்டாங்க, எங்கட உள் ஸோன்ல பழைய ஐபி அப்பிடியே கிடந்துது. ஃபோன் டேட்டால பாத்த முதலாளிக்கு மெயில் வருது, ஒபிஸ்ல இருக்கிற அக்கவுண்டனுக்கு வரல்ல, ஹோஸ்டிங்காரங்களக் கேட்டா எங்கட பக்கம் எல்லாம் சரி எண்டாங்க, அது உண்மையும்தான்.

அதவிட மோசம், டொமைனுக்கு வாற மெயில எந்த சேர்வருக்கு அனுப்போணும் எண்டு சொல்ற எம்எக்ஸ் ரெக்கோர்ட நான் கொப்பி பண்ணவே இல்ல. ஸ்டொக் சேர்வர் தானாவே மெயில் அனுப்பும். எம்எக்ஸ் இல்லாட்டி மெயில் சேர்வர் டொமைன்ட ஐபிக்கே நேரா அனுப்பப் பாக்கும், விதிமுறையே அப்பிடித்தான். முதல் வெப்சைட்டும் மெயிலும் ஒரே மெஷின்ல இருந்ததால அது தற்செயலாப் போய்ச் சேந்திட்டு இருந்துது. ஐபி மாறினதும் அவ்வளவும் கியூல தேங்கிச்சுது. போஸ்ட்ஃபிக்ஸ் எண்ட மெயில் சொஃப்ட்வெயார் சும்மா விட்டா 5 நாள் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டுத்தான் கைவிடும், அதனால உடன ஒருத்தருக்கும் தெரியல்ல. மாரிப்போக அறுவடை நேரம், கொள்வனவுக் கணக்கு அவ்வளவும் அந்த மெயில்லதான் போறது. இப்ப நினைச்சாலும் எனக்குக் கோவம் வரும், கொப்பி பண்ணின நேரத்துல ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா நடந்திருக்காது.

சரியான வழி லேசு. விண்டோஸ் சேர்வர்ல ஸோன் பேரா டொமைனப் போடாதீங்க, மாத்த வேண்டிய முழுப் பேரையும் போடுங்க, அதாவது ஸ்டொக்.கம்பனி.எல்கே எண்டதே ஸோன். அதுக்குள்ள பேர் வெறுமையா விட்டு ஒரு ரெக்கோர்ட். மத்தப் பேரெல்லாம் வழமை போல வெளிய போகும். விண்டோஸ் இல்லாம அன்பவுண்ட், பைண்ட், டிஎன்எஸ்மாஸ்க் மாதிரி வேற டிஎன்எஸ் சொஃப்ட்வெயாரும் இருக்கும். அன்பவுண்ட் எண்டா லோக்கல்-டேட்டா ஒரு வரி போதும், ஸோன் வகை ஸ்டேட்டிக் எண்டு போட்டிராதீங்க, அது மத்தப் பேர்கள இல்ல எண்டு சொல்லும். பைண்ட்ல 9.8ல இருந்து ஆர்பிஇசட் எண்ட வசதி இருக்கு, கொஞ்சப் பேர்கள மட்டும் மாத்துறதுக்கு அதுதான் நல்லம். டிஎன்எஸ்மாஸ்க்ல அட்ரஸ் வரி குடுத்தா அந்தப் பேருக்குக் கீழ இருக்கிற அவ்வளவும் மாறிரும், ஒண்டு மட்டும் வேணுமெண்டா ஹோஸ்ட்-ரெக்கோர்ட்.

செஞ்சு முடிச்சதும் மாத்தின பேர மட்டும் பாத்துட்டு எழும்பிராதீங்க. மாத்தாத பேர் ரெண்டு மூண்டையும் எம்எக்ஸையும் உள் சேர்வர்ட்டயும் வெளி டிஎன்எஸ்ஸான 1.1.1.1ட்டயும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் ஒரு பேர்ல மட்டும் இருக்கோணும்.

ரெண்டாவது டிஎன்எஸ்ஸா 8.8.8.8 குடுக்கிறது

8.8.8.8 கூகிள்ட வெளி டிஎன்எஸ், அதுக்கு உங்கட உள் மாற்றம் தெரியாது. முதலாவது விழுந்தாத்தான் ரெண்டாவதுக்குப் போகும் எண்டு நம்பாதீங்க. ஒருக்கா தாமதமானாலே சில மெஷின் அங்க போய் அங்கயே நிண்டுரும். ரெண்டாவது வேணுமெண்டா அதே மாற்றம் உள்ள இன்னொரு உள் சேர்வர் போடுங்க.

டிடிஎல்ல பாக்காம விடுறது

டிடிஎல் எண்டது ஒரு பதில மெஷின் நினைவுல வச்சிருக்கிற நேரம். விண்டோஸ்லயும் அன்பவுண்ட்லயும் நீங்க போடுற ரெக்கோர்ட் சாதாரணமா 3600 செக்கன் நிக்கும். ஒபிஸ்ல இருந்து லாப்டொப்பத் தூக்கிட்டுக் காத்தான்குடி வீட்டுக்குப் போன பிள்ளைக்கு உள் ஐபி நினைவுல நிண்டு வீட்டுல வேலை செய்யாது. 60 அல்லது 300 வைங்க. இல்ல எண்ட பதிலும் நினைவுல நிக்கும், எவ்வளவு நேரம் எண்டத ஸோன்ட எஸ்ஓஏ ரெக்கோர்ட் சொல்லும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதுறது

அது ஒவ்வொரு மெஷினும் தனித்தனியா வச்சிருக்கிற பேர்-ஐபி பட்டியல். 40 மெஷின்ல எழுதினத 40 மெஷின்லயும் அழிக்கோணும். வேணாம்.

டொட் லோக்கல் எண்டு பேர் வைக்கிறது

அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (சேர்வர் இல்லாம மெஷின்கள் தங்களுக்குள்ள பேர் கேக்கிற முறை) ஒதுக்கினது. டொட் இன்டர்னல் 2024ல உள் நெட்வேர்க்குக்கு ஒதுக்கியாச்சு, அத எடுங்க.

தடுக்க வேண்டிய சைட்ட உங்கட பக்கத்துக்குத் திருப்புறது

எச்டிடிபிஎஸ்ல நீங்க எழுதின "அனுமதி இல்லை" பக்கம் வராது, சேர்ட்டிஃபிகேட் எச்சரிக்கைதான் வரும். அதத் தாண்டிப் போகப் பழகின ஆள் நாளைக்கு பேங்க் சைட்லயும் தாண்டிப் போவார். தடுக்கிறதெண்டா பேரே இல்ல எண்டு பதில் குடுங்க.

பிரவுசர் தன்ட வழியில கேக்கிறத மறக்கிறது

எல்லாம் சரியாப் போட்டும் ஒரு மெஷின்ல மட்டும் வெளி ஐபி வருதா, முதல்ல பிரவுசர் செட்டிங்கப் பாருங்க. எச்டிடிபிஎஸ் வழியா டிஎன்எஸ் கேட்டா உங்கட சேர்வருக்குக் கேள்வியே வராது. ஃபயர்ஃபொக்ஸ் use-application-dns டொட் நெட் எண்டு ஒரு சோதனைப் பேர வச்சிருக்கு, அந்தப் பேர் இல்ல எண்டு உள் சேர்வர் சொன்னா தானா அத நிப்பாட்டிரும். ஆள் கையால போட்டிருந்தா நிப்பாட்டாது, அந்த மெஷினுக்குப் போய்த்தான் மாத்தோணும்.